பொட்டு கலையாத டியூப்

ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய பொருள் என் சுண்டுவிரலில் பாதி உயரம்கூட இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே நாலு சொட்டுத் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா, கண்ணுக்கு விடுகிற மருந்துகூட இதைவிடக் கூடுதலாக வருமே என்றாள். இத்தனைக்கும் அதற்காக நான் எழுதிய கடிதங்களும் விமான நிலையத்துக் கஸ்டம்ஸில் நின்ற நாட்களும் கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பிஎச்டி செய்துகொண்டிருந்தேன். வெயில் பட்டால் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும் என்று எல்லோருக்கும் தெரியும். உண்டானால் மட்டும் போதாது, செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். அதற்கு ரிசப்டர் என்று பெயர். நான் வளர்த்த ஒருவகைத் தோல் செல்களில் அந்த ரிசப்டர் இருக்கிறதா இல்லையா, இருந்தால் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, இதுதான் ஐந்து வருஷமும் என் பிழைப்பு. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே அது ஒன்றை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடிதான் அந்த நாலு சொட்டு.

ஒட்டிக்கொண்டாலும் நம் கண்ணுக்குத் தெரியாது என்பது இதில் இன்னொரு கூத்து. கல்யாண மண்டபத்தில் ஒருத்தரைத் தேடச் சொல்லி ஓர் ஆளை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறான், ஆனால் வாயைத் திறப்பதில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்று காட்ட, அவனைத் தெரிந்த இன்னொருத்தனைக் கையில் டார்ச் லைட்டோடு அனுப்ப வேண்டும். அந்த இரண்டாவது ஆளைத்தான் செகண்டரி என்போம். முதல் ஆன்டிபாடியை எந்தப் பிராணியில் தயாரித்தார்களோ, அந்தப் பிராணியைத் தெரிந்த செகண்டரியாக அது இருக்க வேண்டும். எங்கள் லேபில் மற்ற எல்லாருடைய ஆன்டிபாடியும் சுண்டெலியில் தயாரித்தது. என்னுடையது மட்டும் பெரிய எலியில் தயாரித்தது. அதனால் எனக்கென்று தனியாக ஒரு செகண்டரி, இன்னொரு குட்டி டியூபில் கூடவே வந்தது. ஆக, என் சொத்து இரண்டு டியூப்.

அந்த இரண்டையும் வாங்கி உள்ளே வைத்தவர் அக்கா. லேபின் ஃப்ரிட்ஜ், ஃப்ரீஸர், குளிர் அறை, கண்ணாடிச் சாமான் எல்லாம் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட இருபது வயது பெரியவரான எங்கள் பேராசிரியரே கன்னடத்தில் பேசும்போதும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். கன்டோன்மென்ட் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, உருதுவில் முடிப்பார். என்னை மட்டும் பாப்பா என்பார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. முதல் நாளே, நான் பாப்பா இல்லை என்று முறைத்தேன். கன்னடத்தையும் கலந்து, சும்னே இரு பாப்பா, மொறைச்சா மட்டும் பெரிய மனுஷியா என்றார். அதற்குப் பிறகு முறைப்பதை விட்டுவிட்டேன்.

ஃப்ரிட்ஜில் இருப்பதெல்லாம் அவருக்கு உயிருள்ள ஜீவன்கள். கதவை ஓங்கிச் சாத்தினால், தூங்குதுங்க, மெதுவா மூடு என்பார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் போச்சு. "அறிவிருக்கா? உன் வூட்டுக் கதவு தொறந்து கெடந்தா நீ தூங்குவியா?" என்று பேராசிரியருக்குக் கேட்கிற மாதிரியே கத்துவார். அவருக்கும் சேர்த்துத்தான் அது.

பதினோரு வருஷமாக அக்கா டெம்பரரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். பதினோரு வருஷமும் கேட்டில் நோட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வந்தார். நேற்று வந்த நான் கழுத்தில் போட்டோ போட்ட அட்டையை ஆட்டிக்கொண்டு நேராகப் போவேன். அந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் காலியானது. வருஷக் கடைசியோடு அக்காவுக்கு வயது வரம்பு முடிகிறது, இதை விட்டால் இன்னொன்று கிடையாது. பேராசிரியர் எழுதுகிற சிபாரிசுக் கடிதத்தில்தான் எல்லாம் இருந்தது. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அது அட்மின் பிளாக்கில் இருக்க வேண்டும். கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே அக்கா அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்துவிட்டார். நாலு காப்பி. தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரி, போலீஸுக்குப் பயந்த மாதிரி ஒரு முகம். நான் சிரித்த சிரிப்பில், இனிமேல் உனக்குக் காட்ட மாட்டேன் என்று ஒரு கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டி வைத்தார்.

என் ஆன்டிபாடியில் அவருக்கும் பங்கு உண்டு. இந்தச் சோதனையில் ரிசப்டர் நிச்சயமாக இருக்கிற ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், ஒன்றும் கிடைக்காதபோது செல்லில் ரிசப்டர் இல்லையா, ஆன்டிபாடிதான் வேலை செய்யவில்லையா என்று தெரியாது. இதற்கு மிகவும் தோதானது கோழிக் குடல். நானோ மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த சைவச் சாப்பாட்டுக்காரி. கோழிக்கடையைத் தாண்டும்போது துப்பட்டாவால் மூக்கை மூடுகிற ஜாதி. ஒரு வாரம் நான் கடை வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்ததை அக்கா பார்த்துவிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, தன் வீட்டுத் தெருக் கடையில் சூடு ஆறுவதற்குள் வாங்கின குடலை ஐஸில் போட்டு, மூன்று டப்பாவுக்குள் டப்பாவாக வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என்ன, கேக்கா என்று கேட்டாளாம், ஆமாம் என்றாராம். குடலைச் சுத்தம் செய்து, வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். நான் பக்கத்தில் நின்று வாய் வழியாக மூச்சு விட்டேன்.

அந்த முதல் சோதனை அற்புதமாக வந்தது. புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்கிற விசிட்டிங் கார்டு அளவு வெள்ளைத் தாளில் ஒட்ட வைத்து, முதலில் ஆன்டிபாடி, பிறகு செகண்டரி, கடைசியில் நிறம் காட்டுகிற மருந்து என்று ஊற்றினால், ரிசப்டர் இருக்கிற இடத்தில் ஊதாக் கோடு விழும். கோழிக் குடலில் தடியாக விழுந்தது. என் தோல் செல்லில் மெலிசாக, ஆனால் அதே உயரத்தில் விழுந்தது. ஐந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான கோடு. சந்தோஷத்தில் அக்காவின் கையைப் பிடித்துச் சுற்றினேன், அவர் கையிலிருந்த ட்ரே கீழே விழுந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், எங்கள் ஊர் லேபுகளில் ஆயுத பூஜை என்றால் அப்படி ஒரு பூஜை. சென்ட்ரிஃப்யூஜுக்கு மாலை, மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், வாசலில் வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி, கடலை. பேராசிரியர் நாத்திகர். இது லேபா, லாரி ஷெட்டா என்று வருஷா வருஷம் ஒரு பாட்டம் புலம்புவார். பொரி விநியோகம் ஆரம்பித்தால் முதல் ஆளாகக் கையை நீட்டுவதும் அவர்தான். அக்கா வீட்டில் புத்தர் படம் மட்டும்தான் உண்டு. அங்கே அவர் ஒருத்தர் போதும், இங்க இத்தனை மெஷின் ஓடணுமே என்பார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அவர் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டார்.

பூஜைக்கு முந்தின நாள் ஃப்ரீஸரைச் சுத்தம் செய்வதும் வழக்கம். உள்ளங்கை தடிமனுக்குப் பனி உறைந்திருக்கும். அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மாற்றி, பனியைக் கரைத்துத் துடைக்க அரை நாள் ஆகும். அக்கா செய்தார். நான் கூடவே நின்று, என் டியூப் பத்திரம், என் டியூப் பத்திரம் என்று அவர் பிராணனை வாங்கினேன். மறுநாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, என்னுடைய ரெண்டு டியூபுக்கும் வெச்சிடுங்க அக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆன்டிபாடி டியூபை எடுத்து, மூடியும் உடம்பும் சேர்கிற இடத்தில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார். செகண்டரி டியூபுக்கும் அப்படியே. அங்கே வைத்தால்தான் உதிராமல் நிற்கும் என்றார். முதல் டியூப் மேலே ஃப்ரீஸருக்கும் இரண்டாவது கீழே ஃப்ரிட்ஜுக்கும் போயின.

நாலு நாள் கழித்து அடுத்த சோதனையைச் செய்தேன். அக்கா மறுபடி கோழிக் குடல் கொண்டுவந்து கொடுத்தார். ஆன்டிபாடி டியூபைத் திறந்தபோது சந்தனம் உடைந்து கையுறை நுனியில் சிவப்பாக ஒட்டியது, துடைத்துக்கொண்டேன். மறுநாள் செகண்டரி, கழுவல், நிறமருந்து எல்லாம் முடிந்து பார்த்தால் மெம்பிரேன் வெள்ளை வெளேரென்று இருந்தது. பத்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி. ஒன்றும் இல்லை. என் செல்லில் இல்லை என்றால் போகட்டும். கோழிக் குடலிலும் இல்லை.

ஆன்டிபாடி செத்துவிட்டது. ஏன் செத்தது? ஃப்ரீஸரை அணைத்தது யார்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற குணம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று தலைக்கு மேலேயே ஏறிவிட்டது. மெம்பிரேனைக் கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்தேன். அக்கா கைகழுவும் தொட்டிப் பக்கம் நின்றிருந்தார். லேபில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஏழு மாதம் காத்திருந்து வாங்கினது, நாலு மணி நேரம் ஐஸில் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா, பொட்டு வைக்கத் தெரிந்தால் போதுமா என்று கேட்டேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

"ஐஸ்லதான் வெச்சேன் பாப்பா. ரெண்டு தடவ ஐஸ் மாத்தினேன்" என்றார் அக்கா.

"இங்க யாரும் பாப்பா இல்ல" என்றேன்.

சத்தம் கேட்டுப் பேராசிரியர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். எல்லாம் முதல் தடவை மாதிரியே சரியாக இருந்தது. எந்த ஆன்டிபாடி, எவ்வளவு, எலி செகண்டரி, எவ்வளவு நேரம். தப்பு நோட்டில் இல்லை என்றால் ஃப்ரீஸரில்தான். அவர் அக்காவைத் திட்டவில்லை. அறைக்குத் திரும்புமுன், குளிர்ப் பொருட்களை நம்பி ஒப்படைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான், கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா என்னிடம் வந்து, "மேடம், உங்க பாட்டிலெல்லாம் கழுவி வெச்சிட்டேன்" என்றார்.

அந்த மேடம் என்னை அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் நான் விடுவேனா? தப்புச் செய்தவர்களுக்கு மரியாதை தெரிந்தால் நல்லதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் அப்படியே போனது. டீ நேரத்தில் அவர் எனக்கென்று எடுத்து வைக்கிற பொரிவிளங்காய் உருண்டை வருவது நின்றது. நான் ஃப்ரிட்ஜ் கதவை ஓங்கிச் சாத்தினாலும் ஒரு வார்த்தை வராது. ஒரு நாள் வேண்டுமென்றே இரண்டு தரம் ஓங்கிச் சாத்திப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கடிதம் எழுதினாரா என்று யாருக்கும் கேட்கத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, கடிதத்துக்குக் கடைசி நாள். காலை பத்தரை மணிக்கு வேறு ஒரு சோதனைக்காக, எல்லோரும் பயன்படுத்துகிற சுண்டெலி செகண்டரி பாட்டிலை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அது எப்போதும் முன்வரிசையில் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அன்று கை தவறி ஸ்டாண்டே சாய்ந்தது. பின்னாலிருந்து என் எலி செகண்டரி டியூப் உருண்டு முன்னால் வந்து நின்றது. மூடியும் உடம்பும் சேர்கிற இடத்தில் சந்தனம் அப்பியபடி காய்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. நடுவில் குங்குமப் பொட்டு, அக்கா வைத்த மாதிரியே.

பூஜைக்குப் பிறகு அந்த டியூபை யாருமே திறக்கவில்லை. திறந்தால் சந்தனம் உடையாமல் இருக்காது, முதல் டியூபில் என் கையிலேயே உடைந்ததே. அப்படியென்றால் அன்றைக்கு நான் ஊற்றியது என்ன? பழக்கதோஷத்தில் முன்வரிசைப் பாட்டில். சுண்டெலியை மட்டும் தெரிந்த செகண்டரி, எலியை ஏறெடுத்துப் பார்த்திருக்காது. ஆன்டிபாடி போய்த் தன் ஆளின் பக்கத்தில் சமர்த்தாக நின்றிருக்கிறது. நான் டார்ச் லைட்டை வேறு யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நோட்டில் எலி செகண்டரி என்று எழுதியிருந்தது எப்படி? சோதனை செய்வதற்கு முதல் நாளே, பழைய பக்கத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடித்து வைப்பது என் வழக்கம். செய்ததை எழுதாமல், செய்யப்போவதை எழுதியிருந்தேன். ஆராய்ச்சி செய்கிறவள் செய்யக்கூடாத பாவம் அது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. ஃப்ரிட்ஜ் கதவு அகலத் திறந்திருந்தது. அக்கா பக்கத்தில் வந்து, கதவைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனார்.

உள்ளதைச் சொல்கிறேன். ஒரு கையில் டியூப், இன்னொரு கையில் ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூ இருந்தது, ஸ்டாண்டைத் துடைக்க எடுத்தது. ஒரு துடை துடைத்தால் பொட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. நோட்டு என் பக்கம். பிஎச்டி முடிகிற சமயத்தில், நோட்டில் பொய் எழுதினவள் என்று பேராசிரியருக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்றும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அப்போது ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த போட்டோக் கவர் கண்ணில் பட்டது. மூன்று மணிக்குப் பிறகு அந்த நாலு போட்டோவுக்கும் வேலை கிடையாது. வெட்கமாக இருந்தது. டிஷ்யூவைக் கீழே போட்டுவிட்டு, டியூபை ஐஸ் வாளியில் வைத்து, நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் டியூபை விளக்கடியில் பிடித்து, லென்ஸ் வைத்துச் சந்தனத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸில் குங்குமத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்றார் கன்னடத்தில். நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. நோட்டைப் பற்றி அவர் பேசியது ஐந்து நிமிஷம், ஐந்தும் எனக்கு வேண்டியதுதான். கடைசியில், நீ திறக்கவில்லை என்பதை இந்தப் பொட்டு காட்டுகிறது, ஆனால் ஆன்டிபாடி நல்லபடி இருக்கிறது என்று இது காட்டவில்லை, இரண்டரை மணிக்குள் அதைக் காட்டு, கடிதத்தை அடித்து வைக்கிறேன் என்றார்.

புதிதாக ஒரு சோதனை செய்ய இரண்டு நாள் வேண்டும். அன்றைய மெம்பிரேன் இருந்தால் மூன்று மணி நேரம் போதும், முதல் ஆன்டிபாடி அதில்தானே நிற்கிறது, சரியான செகண்டரியை ஊற்றினால் தெரிந்துவிடும். ஆனால் அதைக் குப்பையில் எறிந்து ஒன்பது நாள் ஆயிற்று. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னையே வைதுகொண்டு, வேறு வழியில்லாமல் அக்காவிடம் போனேன். அன்றைக்கு நான் கசக்கிப் போட்ட மெம்பிரேன் என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு குளிர் அறைக்குள் போனார். ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே உப்புக் கரைசலில் மிதந்துகொண்டு, ஓரம் கொஞ்சம் மடங்கி, என் மெம்பிரேன். கவர்மேல் அவருடைய கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் தேதி.

"கோவத்துல எறியறத நான் வெளிய கொட்டறதில்ல மேடம். மறுநாள் எல்லாரும் வந்து கேப்பீங்க" என்றார்.

நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் மாறியது, நோட்டு, பொட்டு, எல்லாம். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டியூபை நீட்டி, நீங்களே திறங்க அக்கா என்றேன். பேராசிரியரும் வந்து நின்றார். அக்கா கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தை உடைத்தார். அது என் கண்ணெதிரே பொடியாக உதிர்ந்தது.

ஒரு மணி நேரம் செகண்டரியில் ஆட்டினோம். பிறகு மூன்று கழுவல். ஒன்றே முக்காலுக்கு நிறமருந்து ஊற்றினேன். பதினோரு வருஷமாக அந்த ட்ரேக்களைக் கழுவி வைத்த அக்கா, கோடு விழுவதை ஒருதரம்கூட நின்று பார்த்ததில்லையாம். அன்று என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். இரண்டு நிமிஷம் வெள்ளையாகவே இருந்தது. ஒன்பது நாள் கவரில் கிடந்தது, என்ன மிஞ்சியிருக்கும்? பிறகு கோழிக் குடல் வரிசையில், முதல் தடவை விழுந்த அதே உயரத்தில், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு நிழல். அது ஊதாவாக மாறி அழுத்தமானது. அதற்கப்புறம் மெதுவாக, என் தோல் செல் வரிசையிலும் ஒன்று.

"இதானா அது?" என்றார் அக்கா.

"இதான் அக்கா."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "அப்ப நான் அத்த சாகடிக்கலியா?"

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஒன்பது நாளாக அவர் என்மேல் கோபமாக இருக்கிறார், என்னைப் பழிவாங்குகிறார் என்று நினைத்திருந்தேன். இந்த மனுஷி நான் சொன்னதை நம்பியிருக்கிறார். இரண்டு தடவை ஐஸ் மாற்றியது அவர் கை. ஆனாலும் படித்தவள் சொன்னாளே, எங்கேயோ நம் கைதான் தவறியிருக்கும் என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒன்பது நாள் பீக்கர் கழுவியிருக்கிறார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அழுதுவிட்டேன், ஏழெட்டுப் பேர் முன்னால். அவரைத் திட்டினதும் இவர்கள் முன்னால்தானே.

"இல்லக்கா. நீங்க ஒண்ணுமே பண்ணல. தப்பு பண்ணது நான்" என்றேன்.

பேராசிரியர் மெம்பிரேனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நான்தான் அட்மின் பிளாக்குக்குக் கொண்டு ஓடினேன். செருப்பு வாரைப் பிய்த்துக்கொண்டு, மூன்றுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது கொடுத்து, முத்திரை குத்த வைத்துத்தான் திரும்பினேன். டிசம்பரில் ஆர்டர் வந்தது. ஜனவரியில் அக்கா கழுத்தில் போலீஸுக்குப் பயந்த முகத்தோடு ஓர் அட்டை தொங்கியது. வெயிலில் அதன் நிறம் மங்கின பிறகும் அவர் வேறு போட்டோ மாற்றிக்கொள்ளவில்லை. என் ஆராய்ச்சி நூலில் அந்த மெம்பிரேனின் படம்தான் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறது, ஓரம் மடங்கின தழும்போடு.

அதெல்லாம் பின்னால். அன்று மூன்றரை மணிக்கு, பிய்ந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்குள் வந்தேன். அக்கா தொட்டியில் ட்ரேக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது அக்கா என்றேன். அவர் திரும்பவில்லை. தண்ணீரை நிறுத்தினார், ட்ரேயைக் கவிழ்த்து வைத்தார், கையை உதறினார். பிறகு அந்தப் பெரிய குரல், பேராசிரியர் அறை வரைக்கும் கேட்கிற குரல் வந்தது.

"காத்தால ஃப்ரிட்ஜ் கதவ எவ்ளோ நேரம் தொறந்து வெச்சிருந்தே? அறிவிருக்கா உனக்கு, பாப்பா?"